அரைப்பேர்

முழுகாமல் இருக்கிறேன் என்று ஒரு பெண் சொன்னால் அவர் கருவுற்றிருக்கிறார் என்று பொருள். இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்தில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மாதவிலக்கு முடிந்து தலைக்கு ஊற்றிக்கொள்வது முழுகுவது. அந்த முழுக்குத் தள்ளிப்போனால் முழுகாமல் இருப்பது. இவ்வளவு பெரிய செய்தியை நாலு பேர் நடுவிலும் கூச்சமில்லாமல் சொல்லிவிட வழிசெய்யும் சொல் அது. அந்தச் சொல்லைத்தான் நான் ஒருநாள், வெண்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, சரியான தமிழ் இல்லை என்று சொன்னேன்.

வாரத்தில் ஐந்து நாட்கள் தோட்டப்புறப் பாடசாலை ஒன்றில் தமிழ் கற்பிக்கிறேன். சனிக்கிழமைகளில் ஹட்டனில், சிங்களத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அரச உத்தியோகத்தர்களுக்கு இரண்டாம் மொழியாகத் தமிழ் கற்பிக்கிறேன். காலை எட்டரை மணிக்கு மூடுபனி கலைந்திருக்காது. தொப்பியும் கம்பளிச் சட்டையுமாகப் பதினொரு பேர் வந்து உட்காருவார்கள். கிராம உத்தியோகத்தர் இருவர், தபால் அலுவலகத்தில் ஒருவர், பொலிஸில் ஒருவர், தொழில் தொடர்பான அலுவலகம் ஒன்றிலிருந்து ஓர் இளைஞர், தோட்டங்களுக்குச் சென்று கருவுற்ற பெண்களைக் கவனித்து வரும் மருத்துவ மாது ஒருவர், இப்படி.

அவர்கள் வருவதற்குச் சட்டம் காரணம். 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி ஆனது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின் வழியாகத் தமிழும் ஆட்சிமொழி ஆனது. 2007 ஜூலைக்குப் பிறகு அரச சேவையில் சேர்ந்தவர்கள் ஐந்து ஆண்டுகளுக்குள் மற்ற ஆட்சிமொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. நுவரெலியா மாவட்டத்தில் மக்கள்தொகையில் பாதிக்கும் மேற்பட்டோர் தமிழ் பேசுகிறவர்கள். ஆகவே இந்த மண்டபத்தில் நடப்பது வெறும் பரீட்சைக்கான வகுப்பு என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. இங்கே படித்துவிட்டுப் போகிறவர் திங்கட்கிழமை காலையில் உட்காரும் மேசைக்கு முன்னால் என் அத்தை நிற்பார், என் மாணவனின் தாய் நிற்பார்.

ஐந்தாவது வாரம் என்று நினைவு. இடைவேளையில் அந்த மருத்துவ மாது ஒரு சின்னக் கொப்பியை என்னிடம் நீட்டினார். தோட்டங்களில் பெண்கள் சொல்லும் சொற்களைக் காதில் விழுந்தபடியே சிங்கள எழுத்தில் குறித்து வைத்திருந்தார். முதல் பக்கத்தில் முதல் சொல், முழுகாமல்.

அவர் சொன்னது இது. ஒரு பெண் வந்து இரண்டு மாதமாக முழுகாமல் இருக்கிறேன் என்றார். இவர் அகராதியைப் பார்த்தார். முழுகுதல், நீரில் மூழ்குதல், குளித்தல். குளிர் காரணமாக அந்தப் பெண் இரண்டு மாதமாகக் குளிக்கவில்லை என்று விளங்கிக்கொண்டு, வெந்நீர் வைத்துக் குளிக்கலாம், உடம்பைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று தனக்குத் தெரிந்த தமிழில் அன்பாகவே அறிவுரை சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் தலையைக் குனிந்தபடி எழுந்து போய்விட்டார். அடுத்த சில வாரங்களுக்கு வரவேயில்லை. மருத்துவ மாது வேறொருவர் மூலம் விஷயத்தை அறிந்து, அவர் குடியிருந்த லயத்துக்கே, தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கே, தேடிப்போய் மன்னிப்புக் கேட்டாராம்.

என்னிடம் கேட்கும்போது அவர் குரல் தணிந்திருந்தது. "டீச்சர், இது தமிழ்தானா? நம் பாடநூலில் ஏன் இல்லை?"

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அது தோட்டத்துப் பேச்சு, சரியான சொல் கர்ப்பிணி, அதையே படியுங்கள் என்றேன். அவர் தலையசைத்துக் கொப்பியை மூடிக்கொண்டார்.

என் அம்மா என்னைச் சுமந்தபோது அப்பாவிடம் அந்தச் சொல்லால்தான் சொல்லியிருப்பார். அன்று மாலை பொகவந்தலாவைக்குப் போகும் பஸ்ஸில், டிக்கோயா தாண்டிக் காசல்ரீ நீர்த்தேக்கம் தெரியும் வளைவில், இது எனக்கு உறைத்தது. மனம் அப்படி எரிந்த நாட்கள் என் வாழ்க்கையில் அதிகம் இல்லை.

அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். இருபது வயதில் ஆசிரியப் பயிற்சிக்குப் போனேன். முதல் வாரமே ஒரு விரிவுரையாளர் என்னை எழுப்பி வாசிக்கச் சொன்னார். வாசித்து முடித்ததும், எழுதியிருப்பதைச் சரியாக வாசிக்கிறீர், ஆனால் வாயில் தோட்டம் இருக்கிறது, ஆசிரியராக வேண்டுமானால் அதைக் கழுவ வேண்டும் என்றார். கெட்ட மனிதர் இல்லை. என் நன்மைக்காகத்தான் சொன்னார். சான்றுக்குத் தொல்காப்பிய மரபியலிலிருந்து ஒரு வரியும் சொன்னார்: வழக்கெனப் படுவது உயர்ந்தோர் மேற்றே. வழக்கு என்றால் உயர்ந்தோரின் வழக்கே என்று பொருள். உயர்ந்தோர் யார் என்று கேட்கும் துணிவு அன்று எனக்கு இல்லை. நான் இல்லை என்பது மட்டும் விளங்கியது.

கழுவினேன். விடுதியில் யாழ்ப்பாணத்துத் தோழிகள் பேசுவதைக் கேட்டு, ஆமாம் என்பதை விட்டு ஓம் என்றேன். பேசுகிறேன் என்பது கதைக்கிறேன் ஆனது, அழகு வடிவு ஆனது. ஒரு விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது அம்மா ஏதோ கேட்க, ஓம் என்றேன். இஸ்தோப்பில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "யாரிடம் பேசுகிறாய்?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே எனக்குப் பின்னால் வேறு யாரும் நிற்கிறார்களா என்று பார்ப்பதுபோல் கேட்டார்.

யாழ்ப்பாணத் தமிழ் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதன் அழகை அந்தத் தோழிகளிடம்தான் அறிந்தேன். அவர்களில் ஒருத்தி பின்னாளில் சென்னைக்குப் போனபோது, ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் அவள் பேச்சைக் கேட்டுவிட்டு, நீங்கள் கேரளாவா என்று கேட்டாராம். இலங்கையில் சுத்தத் தமிழுக்கு அளவுகோலாக வைக்கப்படும் பேச்சு கடலைத் தாண்டியதும் மலையாளமாகக் கேட்கிறது. எங்கள் பேச்சுக்கு இன்னும் வேறு கதை. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், நாடற்றவர்களாக இருந்த எங்கள் மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரின் கணக்கை 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். அந்தக் கணக்கில் என் சித்தப்பா குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறிக் கோத்தகிரிக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து அவர் எழுதிய கடிதங்களில் ஒன்றை அம்மா பலமுறை படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். கடையில் போத்தல் என்றால் எந்த ஊர் என்கிறார்கள், சிலோன்காரர் என்கிறார்கள், அங்கே இந்தியாக்காரர் என்றார்கள், எங்கள் வாய்க்கு எந்த ஊர் என்று தெரியவில்லை அண்ணி, என்று எழுதியிருந்தார்.

எங்கள் வாய்க்கு ஊர் இல்லை என்பது பிழை. அது இந்த மலைகளின் பேச்சு. திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, திருநெல்வேலி, தஞ்சை என்று வேறுவேறு சீமைகளிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களை ஒரே லயத்தில் பத்தடிக்குப் பத்தடிக் காம்பிராக்களில் அடைத்தபோது, அவர்கள் ஒருவரோடொருவர் பேசிப் பேசி உண்டாக்கிக்கொண்ட பேச்சு. அந்தக் காம்பிரா போர்த்துக்கீசியம் விட்டுச்சென்ற சொல். முன்திண்ணையான இஸ்தோப்பு ஒல்லாந்தம். காலையில் வேலைக்கு ஆட்களைப் பிரித்துவிடும் பெரட்டு, ஆங்கிலேயரின் பரேட். ஒப்பந்த வேலையான கொந்தரப்பு, கன்ட்ராக்ட். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து தமிழகத்துத் தோட்டக்காரர்களுக்கும் தெரிந்த கவாத்து. இத்தனை பேர் ஆண்டுவிட்டுப் போன தீவில், ஆளப்பட்டவர்கள் அவர்களுடைய சொற்களை எடுத்துத் தங்கள் நாக்குக்கு ஏற்ப வளைத்து வைத்திருக்கிறார்கள். இதைக் கலப்படம் என்று என்னால் இனிச் சொல்ல முடியாது. தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம் அந்த நூல் வழக்கும் செய்யுளும் ஆயிரு முதலின் எழுந்தது என்கிறது. மக்கள் பேச்சும் புலவர் செய்யுளும் இரண்டும் முதல். செய்யுளில் வழங்கும் சொற்களை நான்காகப் பிரிக்கும்போது இயற்சொல்லுக்கும் திரிசொல்லுக்கும் பக்கத்திலேயே திசைச்சொல்லுக்கும், அதாவது வட்டாரச் சொல்லுக்கும், இடம் போட்டிருக்கிறது. எனக்கு அந்த ஒரு வரியை மட்டும் படித்துக் காட்டியவர் இவற்றையும் படித்திருந்தார்.

நானும் படித்திருந்தேன். பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கினேன். என் அம்மாவின் பேச்சுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று மட்டும் தோன்றவில்லை.

பஸ்ஸில் யோசித்ததற்கு மறுவாரமே போய், எல்லோரும் தோட்டத்துப் பேச்சையே படியுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அதைத் தடுத்தது ஒரு பழைய செய்தி. எங்கள் பேச்சை இரண்டாம் மொழியாகப் படித்த முதல் ஆட்கள் இந்த உத்தியோகத்தர்கள் இல்லை. தோட்டங்களை நடத்திய பிரித்தானியத் துரைமார் படித்தார்கள். அவர்களுக்கென்றே கொழும்பில் கைந்நூல்கள் அச்சாயின. ஒன்றின் பெயர் 'இங்கே வா', சின்னத்துரையின் சட்டைப்பைத் தமிழ் வழிகாட்டி. இன்னொன்று 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வந்தது, பெயரே 'கூலித் தமிழ்'. புத்தகத் தமிழில்லை, தோட்டத்தில் உள்ளபடி பேசப்படும் தமிழ். இன்று மொழிக் கல்வியில் எல்லோரும் கேட்கிறார்களே, உண்மையான, உயிருள்ள பேச்சைக் கற்பியுங்கள் என்று, அதைத் துரைமார் நூறாண்டுக்கு முன்பே செய்துவிட்டார்கள். அட்டையிலேயே ஏவல் வினை. வா, போ, எடு, வெட்டு.

அந்தத் தமிழ் இன்னும் சாகவில்லை. என் வகுப்புக்கு வருகிறவர்களில் சிலர் ஒரு சொல்கூடப் படிக்காத நிலையிலேயே நீ, வா, போ என்ற மூன்றையும் அறிந்து வருகிறார்கள். தோட்டத்து ஆபீசில், கடையில், பஸ்ஸில் எங்கள் ஆட்களிடம் அப்படிப் பேசுவதைக் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். அறுபது வயதுப் பெண்ணை நீ என்பது அவமதிப்பு என்று முதல் வகுப்பில் சொன்னபோது, கிராம உத்தியோகத்தர் ஒருவர் முகம் சிவந்துபோய், பத்து வருடமாக அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறேன், ஒருவரும் சொல்லவில்லையே என்றார். யார் சொல்வார்கள்? அடையாள அட்டைக்குக் கையெழுத்து வாங்க வந்தவரா சொல்வார்?

ஆகவே பேச்சுத் தமிழா புத்தகத் தமிழா என்ற வழக்கமான விவாதம் எனக்குப் போதவில்லை. துரைக்குப் பேசத் தெரிந்திருந்தது. ஏவத் தெரிந்திருந்தது. அந்தக் கைந்நூல்களின் பெயர்களில் கேட்பதற்கு இடமே இல்லை. நான் கற்பிக்கும் உத்தியோகத்தர் பேசும்போது புத்தகத் தமிழில் பேசட்டும். நீங்கள் வாருங்கள், உட்காருங்கள் என்று சொல்லட்டும். அந்தத் தமிழில் உள்ள மரியாதையை எங்கள் மக்கள் நன்றாகவே உணர்கிறார்கள். ஆனால் கேட்கும்போது அவர் காதில் முழுகாமல் விழ வேண்டும், கொந்தரப்பு விழ வேண்டும், மேலுக்கு முடியவில்லை என்றால் மேல் என்பது உடம்பு என்று தெரிய வேண்டும். என் பேச்சை அவர் போலச் செய்து காட்ட வேண்டியதில்லை. அதற்குத் தன் மேசையில் இடம் கொடுத்தால் போதும்.

இது எவ்வளவு அவசரமான தேவை என்பதைத் தொழில் அலுவலகத்து இளைஞர்தான் எனக்குக் காட்டினார். தனக்கு வந்த ஒரு முறைப்பாட்டை அவர் வகுப்புக்குப் பயிற்சியாகக் கொண்டுவந்தார். பெயர் விவரங்களை மறைத்துவிட்டுத்தான். கொழுந்து பறிக்கும் பெண் வாய்மொழியாகச் சொன்னதை அவர் சிங்களத்தில் எழுதி எடுத்திருந்தார். அதைத் தமிழாக்கினால் இப்படி வரும்: இம்மாதம் ஐந்து நாட்கள் தோட்ட அலுவலகம் முறைப்பாட்டாளரின் பெயரைப் பாதி மட்டுமே எழுதியுள்ளது. பெயர்ப் பதிவில் பிழை என்று கருதி, அடையாள அட்டையின் பிரதியைக் கொண்டுவரும்படி கேட்டிருக்கிறார்.

எங்கள் ஆட்களுக்கு உடனே விளங்கும். பேர் என்பது ஒரு நாள் வேலைக்கான பதிவு, அதாவது ஒரு நாள் சம்பளம். செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் விழுந்தால்தான் அன்றைய கூலி. நிர்ணயித்த கிலோவுக்குக் குறைவாகப் பறித்தால் அரைப்பேர், அதாவது பாதிக் கூலி. மழையில், பூச்சியில், ஏறவே முடியாத சரிவில் நின்று பறித்துவிட்டு அரைப்பேரோடு வீட்டுக்குப் போகும் பெண்ணின் முகத்தை நான் சிறுவயதில் தினமும் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் ஐந்து நாள் கூலியில் பாதியை இழந்திருந்தார். இந்த இளைஞர், நேர்மையானவர், பரீட்சையில் நல்ல புள்ளி எடுக்கக்கூடியவர், அவரிடம் அடையாள அட்டை கேட்டிருந்தார்.

நான் கரும்பலகையில் அரைப்பேர் என்று எழுதினேன். தமிழ் வகுப்பொன்றில் அந்தச் சொல்லை முதல் முறையாக எழுதுகிறேன் என்று கை சொன்னது. விளக்கி முடித்ததும் அவர் வெகுநேரம் பேசவில்லை. திங்கட்கிழமை திரும்ப அழைக்கிறேன் என்று மட்டும் சொன்னார். அழைத்தார் என்பதையும் பின்னர் சொன்னார்.

பாடசாலையில் இது இன்னும் சிக்கல். அங்கே இருப்பவர்கள் எங்கள் பிள்ளைகள். சாதாரண தரப் பரீட்சையில் வந்துச்சு என்று எழுதினால் புள்ளி போகும், புள்ளி போனால் உயர்தரம் போகும், அதற்குப் பிறகு கொழும்பில் கடை வேலைதான். இதை மறந்துவிட்டு மண்ணின் மொழி என்று பேசுவது பிள்ளைகளின் வாழ்க்கையை வைத்து விளையாடுவது. திங்கட்கிழமைகளில் தரம் 6 பிள்ளைகள் வீட்டிலிருந்து ஒரு சொல் கொண்டுவர வேண்டும் என்று நான் தொடங்கியபோது ஒரு தகப்பன் தேடி வந்தார். "டீச்சர், லயத்துப் பேச்சை நானே சொல்லிக் கொடுப்பேன். நான் அனுப்புவது எனக்குத் தெரியாததைப் படிப்பதற்கு," என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதை அவரிடமே ஒப்புக்கொண்டேன். கரும்பலகையின் இடது பக்கம் வீட்டுச் சொல், வலது பக்கம் புத்தகச் சொல், பரீட்சைக்கு வலது பக்கம் என்று தெளிவாகச் சொல்கிறேன். ஆனால் இடது பக்கத்தை அடித்துக் காட்டுவதில்லை. சிவப்புக் கோடு போடுவதில்லை. இவ்வளவுதான் நான் செய்திருக்கும் மாற்றம். அதற்குள் ஒரு வித்தியாசம் தெரிகிறது. முன்பெல்லாம் நான் கேள்வி கேட்டால் பதில் தெரிந்த பிள்ளையும் வாயைத் திறக்காது. பதில் தெரியாததால் இல்லை, அதைச் சொல்லும் சொல் சரியா என்று தெரியாததால். அந்த மௌனத்தை நான் பல ஆண்டுகள் மந்தம் என்று எண்ணியிருந்தேன். இப்போது முதலில் தங்கள் சொல்லில் சொல்லிவிடுகிறார்கள். அதன் பிறகு எழுத்துக்கு மாற்றிக்கொள்கிறார்கள்.

எங்கள் பேச்சை மதித்து எழுதிவைத்தவர்கள் முன்பே இருந்திருக்கிறார்கள். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போன சி. வி. வேலுப்பிள்ளை, ஆங்கிலத்தில் கவிதை எழுதக்கூடியவர், லயங்களில் பாடப்பட்ட பாட்டுகளைத் தேடித் தொகுத்தார். அவர் வெற்றிபெற்ற மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்து அவருக்கு வாக்களித்த மக்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். நாடு பறிபோனவர்களின் பாட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. ஆசிரியப் பயிற்சியில் அந்தப் பாட்டு ஒன்றுகூட என் காதில் விழவில்லை.

போன மாதம் அம்மாவை வகுப்புக்கு அழைத்துப் போனேன். யோசனை மருத்துவ மாதுவுடையது. கொப்பியில் சேர்ந்த சொற்களைப் பேசுகிறவரிடமிருந்தே கேட்க வேண்டும் என்றார். அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். கையெழுத்துப் போடத் தெரியும், அதற்கு மேல் இல்லை. படித்த மனிதர்களுக்கு முன்னால் நான் என்ன பேசுவது, எனக்கு இலக்கணம் தெரியாதே என்று இரண்டு நாள் மறுத்தார். வருகிற அன்று நல்ல சேலை உடுத்திக்கொண்டார். பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் பதினொரு பேரும் எழுந்து நின்றார்கள். அரச உத்தியோகத்தர்கள் தனக்காக எழுந்து நிற்பதை அம்மா வாழ்க்கையில் பார்த்ததில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். நான் என்னுடைய நாற்காலியை அவருக்குப் போட்டேன்.

பெரட்டுக்களத்திலிருந்து தொடங்கினார். விடியலில் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு, இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு நிற்பதை, கணக்கப்பிள்ளை மலை பிரிப்பதை, பிள்ளையைப் பிள்ளைக்காம்பிராவில் விட்டுவிட்டுப் பால் கட்டிக்கொண்ட மார்போடு மலை ஏறுவதைச் சொன்னார். வேகமாகத்தான் பேசினார். நான் இடையில் புகுந்து புத்தகச் சொல்லுக்கு மாற்றப்போனபோது பொலிஸில் வேலை செய்பவர் கையை உயர்த்தி, வேண்டாம் டீச்சர், அம்மா இன்னொரு தடவை சொல்லட்டும் என்றார். அம்மா இன்னொரு தடவை சொன்னார், மெதுவாக, பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதுபோல் ஒவ்வொரு சொல்லாக. தொழில் அலுவலகத்து இளைஞர் அரைப்பேர் பற்றிக் கேட்டார். மருத்துவ மாது கொப்பியைத் திறந்துவைத்துக்கொண்டு, மேலுக்கு என்பதைச் சொல்லிக் காட்டி, உச்சரிப்பு சரியா என்று கேட்டார். சரியாக இருக்கிறது மிஸ்ஸி என்றார் அம்மா. பிறகு, லகரத்தை இன்னும் கொஞ்சம் அழுத்த வேண்டும் என்பதைத் தன் வாயைத் திறந்து நாக்கைக் காட்டி விளக்கினார். நான் பயிற்சியில் படித்த ஒலியியல் படங்கள் எதுவும் அவ்வளவு தெளிவாக இல்லை.

ஒரு மணி நேரம் என்று சொல்லியிருந்தேன். இரண்டே கால் மணி நேரம் ஆனது.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. பஸ் நோர்வூட் பாலத்தைத் தாண்டும்வரை அம்மா சன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். திடீரென்று என் கையைப் பிடித்தார்.

"கைக்காசு பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேனே," என்றார். "அடுத்த சனிக்கிழமையும் அந்தப் பிள்ளைகள் வருவார்களா?"